ஹெர்குலிஸ் பிடுங்கிய மரம்

கேள்வி: 1958ல் வந்த இத்தாலிய 'ஹெர்குலிஸ்' படத்தை யூட்யூபில் பார்த்தேன். அட்டைத் தூண்கள், எண்ணெய் மினுக்கும் உடம்பு, உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இதற்குப் போய்க் கைதட்டிய ஜனங்கள் அவ்வளவு அப்பாவிகளா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தூண்கள் அட்டை என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றால், அவை சரியும் கடைசிக் காட்சி வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்புறம் நீங்களும் அந்த ஜனங்களில் ஒருவர்தானே!

ஆரம்பக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இளவரசியின் ரதம் தறிகெட்டு ஓடுகிறது. ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தால் போதும். நம் ஆள் அதைச் செய்வாரா? பக்கத்தில் நிற்கும் மரத்தை வேரோடு பிடுங்கி எடுக்கிறார். மரத்தில் கனமில்லை என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதைத் தூக்குகிற தோள் அட்டையில்லை. ஹெர்குலிஸாக நடித்த ஸ்டீவ் ரீவ்ஸ் ஆணழகன் போட்டிகளில் 1947ல் மிஸ்டர் அமெரிக்கா, 1950ல் மிஸ்டர் யுனிவர்ஸ். ஜனங்கள் காசு கொடுத்தது தோளுக்கு. மரம் இலவச இணைப்பு.

உதடு பொருந்தாதது உண்மை. அந்நாளைய இத்தாலியப் படங்களில் பேச்சை எல்லாம் பின்னால்தான் சேர்ப்பார்கள். ரீவ்ஸ் அமெரிக்கர், ஆனாலும் இங்கிலீஷ் பதிப்பில் கேட்கும் குரல் அவருடையது இல்லை!

படத்தை அமெரிக்காவுக்கு வாங்கிய ஜோசப் லெவின் கொடுத்த விலை ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர். விளம்பரத்துக்குக் கொட்டியது பத்து லட்சத்துக்கும் மேல். கல்யாணச் செலவைவிடப் பந்தல் செலவு பெரிது. பந்தல்தான் ஜெயித்தது. பிறகு ரோமில் பலசாலிப் படங்கள் வரிசை கட்டின. இத்தாலியர்களுக்கு 1914லிருந்தே பழக்கமான சினிமா பலசாலிப் பாத்திரம் மசிஸ்தே. அமெரிக்காவில் அவரை யாருக்கும் தெரியாது என்பதால் சாம்சன், கோலியாத், ஹெர்குலிஸ் என்று படத்துக்கொரு பெயர் மாற்றி அனுப்பினார்கள். பெரும்பாலானவை குப்பை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குப்பையிலும் டைரக்டர் மரியோ பாவா 1961ல் ஹெர்குலிஸைப் பாதாளத்துக்கு அனுப்பிய படம் இருக்கிறது. புகையையும் சிவப்பு, பச்சை விளக்குகளையும் வைத்தே நரகத்தைக் காட்டிவிட்டார்.

சிரிக்கத்தான் வேண்டும் என்றால் பணக்கார வீட்டில் போய்ச் சிரியுங்கள். 1963ல் 'கிளியோபாட்ரா'வுக்கு நாலு கோடி டாலருக்கும் மேல் செலவு. லண்டனில் போட்ட செட்டை அப்படியே விட்டுவிட்டு ரோமில் புதிதாகப் போட்டார்கள். ராணியம்மாள் ரோமுக்குள் பவனி வரும் வளைவு, அவர் செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்துக் கட்டிய கான்ஸ்டன்டைன் வளைவின் அச்சு. அட்டைத் தூணுக்குச் சிரிக்கிற நீங்கள், இதற்கு ஒரு கடிதமாவது போட்டீர்களா?

அப்புறம், அந்த அப்பாவி ஜனங்கள். ஆஸ்திரியாவில் ஒரு பையன், ரெக் பார்க் ஹெர்குலிஸாக நடித்ததைப் பார்த்துவிட்டு இவரைப் போல ஆவேன் என்று எடை தூக்கக் கிளம்பினான். பெயர் அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர். 1970ல் வந்த அவருடைய முதல் படத்திலும் வேஷம் ஹெர்குலிஸ்தான். அதிலும் குரல் இரவல்!