வாசகர் கேள்வி – பதில்: பிக்கப் வண்டிக்கு ஏர் ஹாரன் பொருத்தலாமா?

கேள்வி: தாளவாடியிலிருந்து முட்டைகோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, திம்பம் மலைப்பாதை வழியாகச் சத்தியமங்கலத்துக்குப் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் என் ஹாரன் சத்தம் எதிரே ஏறி வரும் லாரிக்காரர்களுக்குக் கேட்பதே இல்லை. பஸ்களில் இருப்பதைப் போன்ற ஏர் ஹாரனைப் பொருத்தித் தருவதாக எலக்ட்ரீஷியன் சொல்கிறார். பொருத்தலாமா?
– வாசகர், தாளவாடி

பதில்: பொருத்த வேண்டாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹாரனையும், காதைத் துளைக்கும்படியோ திடுக்கிட வைக்கும்படியோ அலறும் எந்தக் கருவியையும் வாகனத்தில் பொருத்தக் கூடாது என்கிறது. பஸ்ஸில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கும் அது விதிமீறல்தான், சோதனையில் கழற்றி எடுக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, ஒலி மாசு தொடர்பான விதியை மீறி வாகனம் ஓட்டுபவருக்கு முதல் முறையே 3 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குச் செல்லாமல் போகலாம். எஃப்.சி.க்கு (வாகனத் தகுதிச் சான்றுக்கு) போகும்போது ஆய்வாளர் கண்ணில் பட்டால் அதுவும் ஒரு தலைவலி. போதாததற்கு, உங்கள் பாதை புலிகள் காப்பகத்தின் நடுவே போகிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வண்டியின் அமைப்பும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. லாரியிலும் பஸ்ஸிலும் பிரேக்குக்காகவே காற்றுத் தொட்டி இருப்பதால், அதிலிருந்து ஒரு குழாயை இழுத்து ஹாரனை ஊத வைத்துவிடுகிறார்கள். உங்கள் பிக்கப்பில் இருப்பது எண்ணெய் பிரேக் என்பதால், ஏர் ஹாரனுக்கென்றே தனியாக ஒரு சிறு கம்ப்ரசரைப் பொருத்தியாக வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் அத்தகைய கம்ப்ரசர் 15 முதல் 20 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். அதைப் பழைய ஹாரன் ஒயரிலேயே இணைத்தால் ஒயர் சூடேறி உருகும் ஆபத்து உண்டு.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். வளைவுக்கு அப்பால் சத்தம் போய்ச் சேராததற்குக் காரணம் ஒலியின் அளவு மட்டுமன்று, அதன் சுரமும்தான்; கீச்சென்ற உயர்ந்த சுரத்தைப் பாறை மறித்துவிடும், தாழ்ந்த சுரமோ பாறையைச் சற்றே வளைந்து கடக்கும். ஆகவே, உயர்ந்த சுரமும் தாழ்ந்த சுரமும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் மின்சார இரட்டை ஹாரன், தரச்சான்று பெற்றதாகப் பார்த்து வாங்கினால், உங்களுக்குப் போதுமானது. ஹாரனைப் பொறுத்தவரை ஐக்கிய நாடுகள் அவையின் 28ஆம் எண் வாகன விதி ஏற்கும் அளவே, வண்டிக்கு 7 மீட்டர் முன்னால் நின்று அளக்கும்போது, அதிகபட்சம் 112 டெசிபல். அது சிறிய சத்தம் அன்று.

ஆனால் அதை வாங்குவதற்கு முன்பு இப்போதுள்ள ஹாரனைச் சோதித்துவிடுங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரை ஹாரன் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, ஹாரனின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்க, ஹாரனில் 10 வோல்ட்தான் வருகிறது என்றால் குறை ஹாரனில் இல்லை, மின்சாரம் வந்து போகும் வழியில் இருக்கிறது. மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டிகளில், ஹாரனை வண்டியின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்ட இடம் துருப்பிடித்து எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சரியாகக் கிடைக்காமல் போவதே வழக்கமான காரணம். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று உலோகம் தெரிந்தபின் இறுக்கினாலே பல வண்டிகளில் சத்தம் திரும்பிவிடுகிறது. ஹாரனின் முகப்பைச் சேறு அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பொருத்தும்போது முகப்பு முன்னோக்கியும், தண்ணீர் தேங்காதபடி சற்றே கீழ்நோக்கியும் இருக்க வேண்டும்.

கேள்வி: இரட்டை ஹாரன் வாங்கி, பழைய ஹாரன் ஒயரிலேயே மாட்டினேன். நீளமாக அழுத்தினால் ஃபியூஸ் போய்விடுகிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கூடாது. ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பதற்காக. அதைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது ஒயர்தான். இரண்டு ஹாரன்களும் சேர்ந்து 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கக்கூடும் என்பதால், ஒரு ரிலே (சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண்ணிட்ட முனைக்கும், 87ஆம் முனையிலிருந்து இரண்டு ஹாரன்களுக்கும் கொண்டுசெல்லுங்கள். பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு ஒயர்களை 85, 86 ஆகிய முனைகளில் கொடுத்துவிட்டால், பட்டன் இனி ரிலேயை மட்டும் இயக்கும். ஃபியூஸை மட்டும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள்.