கண்டுபிடித்தவரே தோற்ற கதை

கேள்வி: கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே ஒரு கல்லூரி அணிக்குக் கோச்சாக இருந்தாராமே? அந்த அணியை யாராலும் அசைத்திருக்க முடியாதே?
- கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: அசைத்தார்கள் தம்பி, நன்றாகவே அசைத்தார்கள்! நீங்கள் சொல்வது அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக ஆண்கள் அணி. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1898-இல் அங்கே போனார். 1907 வரை அணி அவர் பொறுப்பில் இருந்தது. வென்றது 55, தோற்றது 60. அந்த அணியின் கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், குளிருக்குப் பயந்து உள்ளே அடைபட்டுக் கிடந்த ஒய்.எம்.சி.ஏ. மாணவர்களுக்காக, இரண்டு பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி அவர் உண்டாக்கிய ஆட்டம் அது. கன்சாஸ் அவரை அழைத்ததும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கவும் கல்லூரி வழிபாட்டை நடத்தவும்தான். ஆடினால் போதும், இதற்கு எதற்குக் கோச் என்பது அவர் கட்சி. தன்னிடம் ஆடிய ஃபாக் ஆலனுக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து கோச் வேலைக்கு அழைப்பு வந்தபோது சிரித்தே விட்டாராம்.

அந்த ஆலன்தான் 1907-இல் குருவின் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் விலகி, 1919-இல் திரும்பி வந்து, 1956 வரை நகரவில்லை. 39 சீசன், 590 வெற்றி, 1952-இல் தேசிய சாம்பியன் பட்டம். அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கோச்சாக 876 ஆட்டங்கள் வென்றார். 1952 அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்த டீன் ஸ்மித், நார்த் கரோலினா பல்கலைக்கழகக் கோச்சாக 879. கல்லூரி நாட்களில் நானும் பெஞ்சைத் தேய்த்தவன். ஸ்மித் மேல் எனக்குத் தனிப் பாசம்.

கேள்வி: உயரமான ஆள் ஒருவன் இருந்தால் கோப்பை நிச்சயம் என்கிறான் என் மகன். சரியா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மேலே சொன்ன கன்சாஸிடமே கேட்போம். 1957 தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் அவர்களிடம் ஏழடி வில்ட் சேம்பர்லின் இருந்தார். எதிரே நார்த் கரோலினா. முதல் பந்துக்கு அவரோடு எகிற அந்த அணியின் அப்போதைய கோச் அனுப்பியது யாரை? ஆறடிகூட இல்லாத டாமி கியர்ன்ஸை! பந்து எப்படியும் கிடைக்காது, ஆளையாவது குழப்பலாம் என்ற குறும்பு. அப்புறம் சேம்பர்லினைச் சுற்றி ஒரே கூட்டம். அவர் கைக்குப் பந்து போய்ச் சேருவதே பாடாகிவிட்டது. மூன்று முறை கூடுதல் நேரம். கடைசி ஆறு வினாடி இருக்கும்போது நார்த் கரோலினாவின் ஜோ க்விக் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியும் வாய்ப்பு) போட்டார். அடுத்து சேம்பர்லினுக்கு வீசிய பந்தைத் தட்டிவிட்டதும் அதே க்விக்தான். 54-53. கன்சாஸ் தோற்றது.

உங்கள் மகனையும் ஒரேயடியாக விட்டுக்கொடுக்க முடியாது. 1988-இல் கன்சாஸ் 11 ஆட்டம் தோற்றுத்தான் சீசனை முடித்தது. ஆனாலும் தேசியப் பட்டம் அவர்களுக்கே. ஓக்லஹோமாவை 83-79 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தில் 31 புள்ளி, 18 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்த டேனி மேனிங்கின் உயரம் ஆறடி பத்து அங்குலம்.

ஆமாம், பையன் என்ன உயரம் அம்மா?