நடுக்கடல் பாறையில் சிமெண்டே இல்லாமல் கலங்கரை விளக்கம் கட்டினார்கள் என்பது உண்மையா? வெறும் சுண்ணாம்பு அலையைத் தாங்குமா?

உண்மைதான். தாங்கியது. 'வெறும் சுண்ணாம்பு' என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகவே எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சிவில் படிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். வகுப்பில் சுண்ணாம்பை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு சிமெண்டுக்குப் போயிருப்பார்கள். நான் வேதாரண்யம் பக்கத்தில் சித்தாளாகத் தொடங்கி மேஸ்திரியாக ஓய்ந்தவன்.

நீங்கள் கேள்விப்பட்டது எடிஸ்டோன் விளக்காகத்தான் இருக்கும். இங்கிலாந்தில் பிளிமத் துறைமுகத்துக்கு வெளியே, கடலுக்குள் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிற பாறை அது. 1698-இல் வின்ஸ்டன்லி என்பவர் அங்கே எழுப்பிய முதல் கோபுரத்தை 1703 புயல், உள்ளே இருந்த அவரையும் சேர்த்துக் கொண்டுபோனது. அடுத்து வந்த மரக் கோபுரம் 1755-இல் எரிந்தது. மூன்றாவதைக் கல்லில் கட்டியவர் ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர். 1759 அக்டோபரில் 24 மெழுகுவர்த்திகளை ஏற்றி அந்த விளக்கு எரியத் தொடங்கியது.

ஓக் மரத்தைப் போல அடி அகன்று, மேலே போகப் போக ஒடுங்குகிற வடிவம். ஒரு கல்லில் அகன்ற நாக்கு வெட்டி, பக்கத்துக் கல்லில் அதே அளவுக்குப் பள்ளம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பூட்டினார்கள். ஒரு கல்லை மட்டும் அலை பிடுங்க முடியாது. ஒவ்வொரு வரிசையையும் முதலில் கரையிலேயே அடுக்கிச் சரிபார்த்த பிறகுதான் படகில் ஏற்றினார்கள். இந்த வேலையைச் செய்த கல்தச்சர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறை.

அடுத்தது கலவை. சாதாரணச் சுண்ணாம்பு காற்றுப் பட்டால்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்பை வாங்கிச் சோதித்து, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லில் இருந்து வருவது தண்ணீரிலும் இறுகும் என்று கண்டார். அதோடு இத்தாலியில் இருந்து வந்த எரிமலை மண்ணைச் சரிபாதி சேர்த்தார். இன்று நாம் சிமெண்ட் என்று சொல்கிற போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான்.

வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று சிலர் சண்டைக்கு வரலாம். நம் ஊர்ச் சுண்ணாம்புக் காரையில் செங்கல் தூள் சேர்ப்பார்களே, சுண்ணாம்பைத் தண்ணீரிலும் இறுக வைக்கிற அந்த எரிமலை மண்ணின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தைப் போய்ப் பாருங்கள். எட்டு அடுக்கு, இருநூறு வருஷம் தாண்டிவிட்டது.

என் தாத்தா கட்டிய வீட்டுச் சுவரும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, செங்கல் தூள், கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் சேர்த்து மாடு கட்டி அரைத்த காரையில் எழுந்ததுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடுகள் பறந்தன, சுவர் அசையவில்லை. பிற்பாடு எழுப்பிய சிமெண்ட் மதில் அப்படியே படுத்துவிட்டது. (மதில் விழுந்தது சிமெண்டின் குற்றம் இல்லை, அஸ்திவாரம் ஆழம் போதவில்லை. நானும் சிமெண்டில் கட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.) சேதம் பார்க்க வந்த இளம் பொறியாளர், "சுண்ணாம்புச் சுவருக்கு ஆயுசு முடிஞ்சிட்டு பெரியவரே, இடிச்சிடுங்க" என்றார். கரண்டியை அவர் கையில் கொடுத்து, "சுரண்டிப் பாருங்க தம்பி" என்றேன். மேல் வெள்ளைதான் உதிர்ந்தது. அதன் பிறகும் தாளில் 'இடிக்கத் தக்கது' என்றே எழுதிப் போனார். நான் இடிக்கவில்லை. புது ஓடு போட்டு இன்றும் அதில்தான் இருக்கிறோம்.

   

சரி, எடிஸ்டோனுக்கு வருகிறேன். ஸ்மீட்டன் கோபுரத்தை 1882-இல் மாற்றினார்களே என்று கேட்பீர்கள். கோபுரம் பழுதாகவில்லை, கீழே இருந்த பாறையைத்தான் கடல் அரித்தது. பக்கத்துப் பாறையில் டக்ளஸ் என்ற பொறியாளர் புதிய விளக்கைக் கட்டினார். பழையதின் மேல்பாகத்தைப் பிரித்துப் பிளிமத் கரையில் மறுபடி நிறுத்தினார்கள். அடிப்பாகம் இன்னும் அந்தப் பாறையிலேயே நிற்கிறது.

இவ்வளவு சொல்லியும் சந்தேகம் இருந்தால் ஸ்மீட்டன் செய்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். நீற்றின கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஓர் உருண்டை, அதே சுண்ணாம்போடு நன்றாகச் சலித்த செங்கல் தூளைச் சரிபாதி சேர்த்து இன்னோர் உருண்டை பிடியுங்கள். தூள் சூளையில் சுட்ட நாட்டுச் செங்கலில் இடித்ததாக இருக்கட்டும். இரண்டும் கொஞ்சம் இறுகியதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். எது கரைகிறது, எது கெட்டிப்படுகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.