3,000 பவுணுக்கு மொரிஸ் மைனர் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீர் கேட்டது நாலு கேள்வி. லண்டன் வெம்பிளியில் அறை வாடகை, பாங்க் கணக்கு, குளிருக்கு என்ன ஜாக்கெட், கடைசியாக ஒரு கார். 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று 3,000 பவுணுக்கு வருகுது, அப்பப்பாவிட்டையும் ஒன்று நின்றது, வாங்கித் திருத்தி ஓடினால் என்ன என்று கேட்டிருக்கிறீர். முதல் மூன்றுக்கும் உம்மோட அறையில் இருக்கிற பெடியளே போதும். ஜாக்கெட் இங்கே வந்து வாங்கியிருக்கலாம், அவ்வளவுதான். வந்த புதிசில் கதைக்க ஆளில்லாமல் இருக்கிற நேரம் பழைய கார் மேல் ஆசை வருவது எனக்கு நல்லாக விளங்கும். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் தடை கார் அல்ல, லைசன்ஸ். இலங்கை லைசன்ஸோடு இங்கே 12 மாதம்தான் ஓடலாம். மாற்றித் தருகிற நாடுகளின் பட்டியலில் எங்கட நாடு இல்லை, இங்கத்தைய சோதனை எழுதி ஓடிக் காட்டித்தான் ஆகவேணும். பழைய காருக்கான மலிவு இன்சூரன்ஸ் காரர் பெரும்பாலும் அன்றாடம் ஓட வேறொரு கார் இருக்கா என்று கேட்பினம். வாடகை அறையும் றோட்டோரப் பார்க்கிங்கும் வைத்துக்கொண்டு திருத்த வேலை தொடங்கவும் ஏலாது. கூரை உள்ள ஒரு கராஜ் கிடைக்கும் வரை காசைப் பொத்தி வைத்திரும்.

இனிக் கார். மைனரில் பார்க்கவேண்டியது எஞ்சின் அல்ல, கறள். இதுக்குத் தனியாக முழுச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். பெயின்ற் மினுங்கினால் இன்னும் கவனம். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழ் ஓடுகிற பெட்டிச்சட்டத்தில் வைத்துப் பாரும். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசின பட்டிதான் இருக்கு. பிறகு கால் விரிப்பு எல்லாத்தையும் தூக்கித் தரையைப் பாரும். காருக்குக் கீழே போய், நடுவில் ஓடுகிற குறுக்குச் சட்டத்தின் இரண்டு நுனியையும் ஸ்குறூட்றைவரால் குத்தும். ஜாக் வைக்கிற இடம் அதுதான், தண்ணி தேங்குகிற இடமும் அதுதான். பின் ஸ்பிரிங்கின் முன்நுனி தொங்குகிற இடம், முன் சட்டக்கால்கள், இவையும் அப்படியே. கதவைத் திறந்து மூடும்போது மேலும் கீழும் இடைவெளி ஒத்துவராவிட்டால் உடம்பு தொய்ந்துபோச்சு. பழைய கறளுக்கு மேலே புதுத் தகட்டை வைத்து ஒட்டி மூடின கார்கள்தான் சந்தையில் கூட. உள்ளே ஈரம் அடைபட்டு, இரண்டு குளிர்காலத்தில் புதுத் தகட்டையும் தின்றுவிடும். வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினதா என்று உட்பக்கத்தால் பார்த்தால்தான் தெரியும்.

மைனரில் மரச்சட்டம் போட்ட ட்ரவலர் என்கிற வகை வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஆஷ் மரம் அலங்காரம் இல்லை, பின்பக்கத்தைத் தாங்குவதே அது. மூலைகளில் மரம் கறுத்திருந்தால் உழுத்துப்போச்சு என்று அர்த்தம், திரும்பி வாரும். கூரை மடிக்கிற வகையும் புதுசுக்கு வேண்டாம். இரண்டு கதவோ நாலு கதவோ, சாதாரண சலூன் எடும்.

அடுத்தது உயிர் போகிற இடம். முன் சில்லைத் தாங்குகிற கிங்பின் என்கிற தண்டு கீழ்ப்பக்கம் ட்ரனியன் என்கிற மூட்டுக்குள் திருகாணிபோலப் புரியோடு இறங்கி நிற்குது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதுக்குக் கிறீஸ் அடிக்கவேணும், அதுவும் சில்லு நிலத்தில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு. பாரம் ஏறி நின்றால் ஒரு பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பழைய கறுத்த கிறீஸ் வெளியேறிப் புதுசு பிதுங்கும் வரை அடியும். அடிக்காமல் விட்டால் புரி தேயும், ஒரு நாள் ட்ரனியன் கழன்று சில்லு வெளிப்பக்கம் மடிந்து கார் குந்திவிடும். வாங்க முதல் ஜாக் போட்டு, சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாரும். கடகடவென்று ஆடினால் விலையைக் குறைக்கச் சொல்லும், அல்லது காரை விட்டுவிடும்.

பிரேக் நாலு சில்லுக்கும் டிரம்தான், மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற சர்வோ இல்லை. பிரேக் ஒயில் ஓடுவது ஒரே சுற்றில் என்பதால் எங்கே ஒரு குழாய் ஒழுகினாலும் நாலும் போகும், மிஞ்சுவது கைப்பிரேக். பிரேக் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்து கிடக்கு. அதாலதான் பலர் அதைத் திறந்தே பார்க்கிறதில்லை. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றி ஒயில் மட்டம் பாரும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருசத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றவேணும். பெடலை இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்குது என்றால் முதலில் டிரம்முக்குள் இருக்கிற பிரேக் ஷூவின் இடைவெளியைச் சரிப்படுத்தும். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு திருகு, பின்னால் ஒவ்வொன்று. சில்லு இறுகும் வரை திருகி, லேசாகச் சுழலும் அளவுக்கு ஒரு படி பின்வாங்கும். இதெல்லாம் முடியும் வரை பெயின்ற் பற்றி நினைக்கவே வேண்டாம். எங்கட ஆக்கள் தலைகீழாகச் செய்வினம், முதலில் பெயின்ற், பிறகு படம், பிறகுதான் பிரேக்.

எஞ்சின் 1,098 சிசி, சாதாரண ஸ்பனர் பெட்டியோடேயே வேலை பழகலாம். ஒயில் 20டபிள்யூ50, ஏறக்குறைய 3.7 லீற்றர். வால்வ் இடைவெளி 0.012 அங்குலம், குளிர்ந்த எஞ்சினில். பிளக் இடைவெளி 0.025, பிளக்குக்குப் பொறி தட்டிவிடுகிற பொயின்ற் 0.015. கார் நின்றபிறகு பின்பக்கம் இரண்டு சொட்டு ஒயில் விழுந்தால் பதறாதையும், கிராங்கின் பின்நுனியில் சீல் இல்லை, ஒயிலைத் திருப்பி விடுகிற புரி மட்டும்தான். 2021 செப்டெம்பரில் இருந்து இங்கே சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல். பழைய இறப்பர்க் குழாயை அது அரிக்கும், அதனால் சூப்பர் பெற்றோல் அடித்து, குழாய்களை எதனோல் தாங்குகிற ஆர்9 தரத்துக்கு மாற்றும். ஈயம் இல்லாத பெற்றோலுக்கு வால்வ் இருக்கை மாற்றினதா என்றும் கேளும். இன்னொன்று, இந்தக் கார் பொசிற்றிவ் எர்த். பற்றரியின் கூட்டல் முனைதான் உடம்போடு. அதை மறந்து போன் சார்ஜரோ ரேடியோவோ பூட்டினால் பொசுங்கும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 40 வயது தாண்டினால் வாகன வரி பூச்சியம், ஆனால் பழம்பெரும் வாகனம் என்று வகுப்பை மாற்ற விண்ணப்பிக்கவேணும், ஒவ்வொரு வருசமும் பூச்சிய வரியைப் பதியவும் வேணும். மாற்றினால் புகை கூடின வாகனத்துக்கு லண்டனில் நாளுக்கு 12.50 பவுண் எடுக்கிற கட்டணமும் (யூலெஸ்) இல்லை. நகர மையத்து நெரிசல் கட்டணம் மட்டும் உண்டு. பெரிதாக மாற்றியமைக்காத கார் என்றால் வருசாந்தத் தகுதிச் சோதனையான எம்ஓடியும் கட்டாயமில்லை, ஆனாலும் காசைக் கொடுத்து வருசா வருசம் செய்வியும். பெல்ற் இல்லாத காரில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றக்கூடாது, பெரிய பிள்ளைகள் பின்சீற்றில் மட்டும். உப்புப் போட்ட றோட்டில் எடுக்காதையும், அது கறளுக்குத் தீனி.

இவ்வளவு பாட்டுக்கும் என்ன பலன் என்று கேட்பீர். இங்கே எங்கட சனம் மாசக் கட்டணத்துக்கு ஜெர்மன் கார் எடுத்துக் கலியாண மண்டப வாசலில் நிற்பாட்டுகினம், என்ஜினைத் திறந்து பார்த்த ஒருத்தரும் இல்லை. மைனரைப் பார்த்தால் "இரும்புக் கடைக்குப் போடும்" என்று சிரிப்பினம். சிரிக்கட்டும். வருசக்கணக்காகத் தலையாட்டாத பக்கத்து வீட்டு வெள்ளைக் கிழவன், பொனற்றைத் திறந்த அன்றைக்குத் தேத்தண்ணியோடு வந்து நிற்பான், தான் ஓடப் பழகினதே இதில்தான் என்று. இந்த ஊர் இங்கிலிஷ் அவனிடம்தான் வரும், வகுப்பில் வராது. சனிக்கிழமை பொயின்ற் மாற்றி, ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் அக்சிலேற்றரை விட்டதும் சைலன்சர் பர்ர்ர் என்று ஒரு சத்தம் போடும், மைனருக்கு மட்டும் உரிய சத்தம். அதைத் திருத்தினது உம்முடைய கை. முதல் கியருக்குச் சிங்க்ரோ, அதாவது ஓடும்போதே கியரை இலகுவாக விழுத்துகிற அமைப்பு, இல்லை என்பதால் கார் நின்றபிறகு அதைப் போடப் பழகுவீர், 55 மைலில் இடப்பக்கத்தில் போகப் பழகுவீர். அவசரம் கொஞ்சம் கழரும்.

சாமானுக்கும் பஞ்சமில்லை, புதுசாகவே செய்து விற்கினம். 1990களில் பாத் நகரத்து சார்ல்ஸ் வேர் என்கிற மைனர் பைத்தியம் இலங்கையிலேயே தொழிற்சாலை வைத்து இதுக்குப் பாகம் செய்வித்தவர். மைனர், அலெக் இசிகோனிஸ் வரைந்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார்க் கண்காட்சியில் காட்டின கார். அதே தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் மண்ணெண்ணெயில்தான் ஓடினது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடுவினம். ஏற்றத்தில் தட்டும், பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதைத் தாங்கின எஞ்சினுக்கு இங்கத்தைய ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஒரு பொருட்டில்லை.

கடைசியாக, காரைப் பார்க்கப் போகமுதல் விற்கிறவருக்கு ஒன்று சொல்லிவிடும்: நான் வரும் வரை எஞ்சினை ஸ்ராட் பண்ணவேண்டாம். போனதும் கையால் தொட்டுப் பாரும். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்.