பாக்சிங் டே அன்று டூட்டியைக் கேட்டு வாங்கு, தம்பி

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறான். நர்சிங் படித்தவன். மெல்பர்னில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து அடுத்த மாதம் கிளம்புகிறான். "அண்ணே, அங்க எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. 2024 டிசம்பர்ல டிவில பார்த்தப்போ எம்.சி.ஜி. கிரவுண்டு முழுக்க நம்ம ஆளுங்கதான். இந்தியா டெஸ்ட் ஆட வர்ற சமயம் அஞ்சு நாளும் போய் உட்கார்ந்தா நாலு பேரு பழக்கமாவாங்களா? லீவு கிடைக்குமா? யாருக்குக் கைதட்டணும்?"

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நான் 2012-ல் போனவன். நீ செய்ய நினைக்கிற தப்பையெல்லாம் ஏற்கெனவே நான் செய்துவிட்டேன் என்பதால் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

முதலில் லீவு. வார்டில் நீ புது ஆளாக இருப்பாய். பிள்ளைகுட்டிக்காரர்கள் கிறிஸ்துமஸ் வார லீவை எப்போதோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். டெஸ்ட் தொடங்கும் டிசம்பர் 26-ஐத்தான் பாக்சிங் டே என்பார்கள். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அது பொது விடுமுறை, அன்று வேலை பார்த்தால் கூடுதல் சம்பளம். ஆகவே பாக்சிங் டே டூட்டியை நீயே கேட்டு வாங்கிக்கொள், அதற்குப் பதிலாக 28-ஆம் தேதியோ 30-ஆம் தேதியோ லீவு கேள். சந்தோஷமாகத் தருவார்கள். ரோஸ்டர் போடுகிறவரிடம் இதை இரண்டு மாதம் முன்பே சொல்லி வை.

2014-ல் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன், கேஷுவல் வேலை. கேஷுவல் என்றால் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அது தெரிந்தும் ஐந்து நாளுக்கும் சீட்டு எடுத்தேன். மற்றவர்கள் விடுமுறையில் போனதால் பட்டறையில் ஆள் தேவைப்பட்ட வாரம் அது. ஜனவரி வாடகைக்குக் கடன் வாங்கினேன். அந்த ஐந்து நாளில் ஸ்மித் 192 அடித்ததைப் பார்த்தேன், கோலியும் ரஹானேவும் அடித்த சதங்களைப் பார்த்தேன். கடைசி நாள் தோனியும் அஷ்வினும் நின்று ஆட்டத்தை டிரா செய்தார்கள். கைதட்டிவிட்டு ரிச்மண்ட் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் போனில் செய்தி வந்தது: தோனி டெஸ்டிலிருந்து ஓய்வு. அவருடைய கடைசி டெஸ்டை நேரில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போது அது எனக்குத் தெரியாது. பக்கத்து சீட்டில் இந்திய ஜெர்சி போட்ட பையன் ஒருவனும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது உன் முக்கியமான கேள்வி. ஐந்து நாள், அத்தனை ஆயிரம் இந்தியர், எனக்கு ஒரு போன் நம்பர்கூடக் கிடைக்கவில்லை. எல்லாரும் குடும்பத்தோடும் சேக்காளிகளோடும் வருகிறார்கள். சிக்ஸர் போனால் உன் தோளைத் தட்டுவார்கள், அடுத்த ஓவரில் மறந்துவிடுவார்கள். தமிழ் காதில் விழும், இல்லையென்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் சாப்பாட்டு வரிசையில். நான் ஆசையாகத் திரும்பிப் பேசினால் சென்னைக்காரர் கேட்டார், "நீங்க மலையாளியா?" குமரிக்காரனுக்கு இது எங்கே போனாலும் உண்டு. உனக்கும் வரும், இப்போதே பழகிக்கொள்.

எனக்கு ஆள் கிடைத்தது வேறு வழியில். குமரி வெயிலில் வளர்ந்தவனுக்கு மெல்பர்ன் வெயில் என்ன செய்துவிடும் என்று தொப்பி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். சன்ஸ்கிரீன் பூசுவது வெள்ளைக்காரர் சமாசாரம் என்று நினைப்பு. மூன்றாம் நாள் இரண்டு காது மடலும் சிவந்து, ஐந்தாம் நாள் தோல் உரிந்துவிட்டது. பட்டறைக்குத் திரும்பியதும் லேத்தில் நிற்கும் கிழவர் என் காதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கிரிக்கெட்டுக்குப் போனாயா? ஆடத் தெரியுமா? எங்கள் நாலாவது டீமுக்கு சனிக்கிழமை ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள்" என்றார்.

இதைத்தான் நீ பிடித்துக்கொள்ள வேண்டும். மெல்பர்னில் அநேகமாக எல்லாப் பேட்டையிலும் ஒரு கிளப் உண்டு. அக்டோபர் தொடங்கி மார்ச் வரை சீசன். முதல் டீமில் நல்ல ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். அடித்தட்டு டீமுக்கு எப்போதும் ஆள் பஞ்சம். பதினைந்து வயதுப் பையனும் அறுபது வயதுக்காரரும் அதில் சேர்ந்து ஆடுவார்கள். வாரத்தில் இரண்டு மாலை வலைப்பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். சில ஆட்டம் இரண்டு நாள் கணக்கு: இந்தச் சனி ஒரு டீம் பேட்டிங், அடுத்த சனி மற்ற டீம். நடுவில் ஒரு வாரம் முழுக்க, அவுட்டாகாமல் நிற்பவன் தூக்கம் வராமல் கிடப்பான். உனக்கு ஷிஃப்ட் வேலை. எல்லாச் சனியும் வரமுடியாது என்று கேப்டனிடம் முதலிலேயே சொல்லிவிடு, அவர்களுக்கு அது புதிதல்ல.

ஆட்டம் உனக்கு வருமா என்று பயப்படாதே. நாங்கள் சின்ன வயதில் ஆடிய பந்து ஒட்டுப்பால் பந்து. சிரட்டையில் உறைந்து கிடக்கும் ரப்பர் பாலை நாடா நாடாவாகப் பிய்த்து, இழுத்துச் சுற்றி, உருட்டி எடுப்போம். அது எங்கே குத்தி எங்கே எகிறும் என்று போட்டவனுக்கே தெரியாது. அங்கே செயற்கைப் புல் விரித்த பிட்சில் நிஜப் பந்து மார்புக்கு வந்தபோது நான் தலையைக் குனிந்து விட்டுவிட்டேன். "எங்கே பழகினாய்?" என்று கேட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் என்றால் நம்பவில்லை. பிறகு ஒரு ரன்னும் எடுக்கவில்லை, அது வேறு கதை. அந்த டீமில் ஒருவர்தான் எனக்கு வாடகை வீட்டுக்குச் சிபாரிசு செய்தார். என் மகள் பிறந்த இரவு ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டியது இன்னொருவர்.

அதற்காக மைதானத்துக்குப் போகாதே என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. போ, ஆனால் ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். 2024-ல் நான் அப்படித்தான் போனேன். அந்த டெஸ்டுக்கு ஐந்து நாளில் 3,73,691 பேர் வந்தார்கள். 1937-ல் பிராட்மேன் காலத்தில் இங்கிலாந்தோடு நடந்த ஆஷஸ் டெஸ்டுக்கு வந்த கூட்டத்தையும் அது தாண்டியது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் அஷ்வின் பிரிஸ்பேனில் 537 விக்கெட்டோடு ஓய்வு சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார், எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. மூன்றாம் நாள் வாஷிங்டன் சுந்தர் 162 பந்து நின்று 50 எடுத்தார். நிதிஷ் ரெட்டி சதம் போட்டார், ஊரெல்லாம் அதையே பேசியது. என்னைக் கேட்டால் வாஷியின் பொறுமைதான் அன்றைய ஆட்டம். ஐந்தாம் நாள் தேநீர் இடைவேளையில் இந்தியா 112-க்கு மூன்று விக்கெட். டிரா என்று நினைத்து நிம்மதியாகப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். 155-க்கு ஆல் அவுட். கொண்டுபோன சோறு பாதி அப்படியே திரும்பி வந்தது. சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாட்டில் கூடாது.

பாரத் ஆர்மி என்கிற இந்திய ரசிகர் கூட்டம் கொட்டடிக்கிற பகுதியில் ஒரு செஷன் உட்கார்ந்து பார், ஜாலியாக இருக்கும். நாள் முழுக்க வேண்டாம், மறுநாள் நைட் டூட்டியில் காதுக்குள் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, நீ கேட்காதது. அங்கே பத்தரைக்கு முதல் பந்து போட்டால் இங்கே காலை ஐந்து மணி. அப்பா அந்த நேரம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் இருப்பார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் ஒழுங்காக இறங்கும். சட்டைப் பையில் போன், அதில் கமென்ட்ரி. 2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் கடைசி நாள். சரியாக ஒரு மாதம் முன்பு அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அணி 328-ஐ விரட்டிக்கொண்டிருந்தது. அந்த மைதானத்தில் 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றதே கிடையாது. நம்ம சேலத்து நடராஜனுக்கும் வாஷிக்கும் அது முதல் டெஸ்ட். அப்பா வெட்டி முடித்துவிட்டு, பால் எடுக்கப் போகிற வழியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். பந்த் கடைசி பவுண்டரியை அடித்தபோது இங்கே மதியம் ஒரு மணி. அதற்குள் பாதிச் சிரட்டையில் பால் உறைந்து ஒட்டுப்பாலாகிவிட்டது. ரப்பர் ஷீட்டுக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது. அம்மா என்னிடம் போனில் அவரைத் திட்டினாள், பின்னாலிருந்து அப்பா, "அவன்கிட்ட அந்த பேக்ஃபுட் ஷாட்டைப் பத்திக் கேளு" என்று கத்தினார். லாக்டவுன் முடிந்தும் ஊருக்கு வரமுடியாமல் கிடந்த காலம் அது. அன்றைக்கு நாங்கள் முக்கால் மணி நேரம் பேசினோம். அப்பா சாதாரணமாக என்னிடம் போனில் பேசுவது, "சாப்பிட்டியா, சரி, வை" அவ்வளவுதான். ஆகவே டெஸ்ட் நடக்கும்போது வீட்டுக்குப் போன் போடு. யாரும் உன் சம்பளத்தைக் கேட்கமாட்டார்கள்.

யாருக்குக் கைதட்டுவது? உன் இஷ்டம். நான் இந்தியாவுக்கு. என் மகள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாவின் கம்மின்ஸுக்குக் கைதட்டுகிறாள். முதல் தடவை எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கியது. அப்பாவிடம் சொன்னால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவ பிறந்த ஊரு அது. பிறகு யாருக்குத் தட்டுவா?" என்றார்.

சரி, உன் அம்மா முந்திரிக்கொத்து கட்டித் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். கொண்டு வா, ஆனால் விமானத்தில் தரும் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. பார்த்துவிட்டு அனுமதித்தாலும் அனுமதிப்பார்கள், எடுத்துக்கொண்டாலும் கொள்வார்கள். மறைத்தால் அபராதம். மட்டிப்பழத்தை விமானம் ஏறுவதற்குள் தின்று முடித்துவிடு மக்கா.