கீழ்க்கோர்ட் என்னும் சொல்

கேள்வி: அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை கிடைப்பதைக் கட்டுப்படுத்தி 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவை, சியாட்டில் நகரத்துக் கீழ்க்கோர்ட் நீதிபதி மூன்றே நாளில் நிறுத்திவைத்தார். நாட்டின் அதிபரையே ஒரு சாதாரண கீழ்க்கோர்ட் நீதிபதி தடுக்கலாம் என்றால் அங்கே உச்ச நீதிமன்றம் எதற்கு? (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் கேள்வியில் ‘கீழ்க்கோர்ட்’ இரண்டு முறை வருகிறது, இரண்டாம் முறை ‘சாதாரண’ என்ற அடைமொழியும் கூடவே வந்துவிட்டது. இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடத்து வழக்கு உண்டு. எங்கள் மெய்ப்புத் தாள்களில் இதை அடித்துவிட்டு ‘விசாரணை நீதிமன்றம்’ என்று நான் எழுதுவேன்; மறுநாள் காலை நாளிதழ்களின் தலைப்பில் அது மீண்டும் நிற்கும். விசாரணை நீதிமன்றங்களைக் ‘கீழ்’ என்று குறிப்பிடுவதை நிறுத்தும்படி நம் உச்ச நீதிமன்றமே 2024 பிப்ரவரியில் தன் பதிவாளர் அலுவலகத்துக்குச் சொல்லியும் பழக்கம் போகவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு, அதாவது அங்குள்ள மத்திய நீதிமன்றங்களுக்கு, இதைச் சூட்டும்போது மரியாதை மட்டுமா குறைகிறது? அந்த அமைப்பே நமக்குத் தலைகீழாகத் தெரியத் தொடங்குகிறது.

சியாட்டிலில் அந்த ஆணையைப் பிறப்பித்தவர் 1981இல் அதிபர் ரீகனால் முன்மொழியப்பட்டு, செனட்டின் ஒப்புதலோடு பதவி ஏற்றவர். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அரசியல் சாசனத்தின் மூன்றாம் பிரிவு இரு தரப்பாருக்கும் ஒரே பாதுகாப்பைத் தருகிறது: நன்னடத்தை உள்ளவரை பதவி உண்டு, பதவியில் இருக்கும்வரை சம்பளத்தைக் குறைக்க முடியாது, கட்டாய ஓய்வு வயதும் கிடையாது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக அதிபரோ தலைமை நீதிபதியோ அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் விழுந்தால்தான் பதவி போகும். 1789க்குப் பிறகு அப்படிப் பதவி இழந்த கூட்டாட்சி நீதிபதிகள் எட்டே பேர். மேல்முறையீட்டில் தீர்ப்பை மாற்றலாம். தீர்ப்பு எழுதியவரைத் தொட முடியாது.

சாசனத்திலேயே ‘கீழமை’ என்ற பொருளுள்ள சொல் இருக்கிறதே என்று சட்டம் படித்த நண்பர்கள் என்னை மடக்குவதுண்டு. இருக்கிறது. ஓர் உச்ச நீதிமன்றமும், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அவ்வப்போது ஏற்படுத்துகிற கீழமை நீதிமன்றங்களும் என்றுதான் அது பேசுகிறது. மேல்முறையீடு எந்த வரிசையில் போகும் என்பதற்கு மேல் அதில் வேறு பொருள் இல்லை. அந்த நீதிமன்றங்கள் வேண்டுமா என்பதே 1787இல் சாசனத்தை எழுதப் பிலடெல்ஃபியாவில் கூடிய மாநாட்டில் பெரும் தகராறாக இருந்தது. முதல் விசாரணைக்கு மாநில நீதிமன்றங்களே போதும் என்று வாதாடினார் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்தவரான ஜான் ரட்லெட்ஜ். மாநாட்டின் வேறு பிரதிநிதிகளான மேடிசனும் ஜேம்ஸ் வில்சனும், அந்த முடிவைக் காங்கிரஸ் கையில் விட்டுவிடலாம் என்று சமரசம் கண்டார்கள். 1789இல் 13 மாவட்டங்களோடு தொடங்கிய ஏற்பாடு இன்று சியாட்டிலில் உள்ளதைப் போன்ற 94 மாவட்ட நீதிமன்றங்களாகவும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களாகவும் வளர்ந்திருக்கிறது. இவற்றுக்குப் பக்கத்திலேயே ஐம்பது மாநிலங்களும் தத்தம் நீதிமன்றங்களைத் தனியாக நடத்துகின்றன. மணவிலக்கு, வாடகைத் தகராறு, பெரும்பாலான குற்ற வழக்குகள் எல்லாம் அங்கேதான். சாசனமோ மத்தியச் சட்டமோ சம்பந்தப்பட்டால், மத்திய அரசே கட்சிக்காரராக இருந்தால், அல்லது வெவ்வேறு மாநிலத்தவர்க்கிடையே 75,000 டாலருக்கு மேற்பட்ட வழக்கு என்றால், மாவட்ட நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம்.

ரட்லெட்ஜ் வேண்டாம் என்ற அந்த நீதிமன்றம் அவருடைய ஊரிலேயே என்ன செய்தது என்று பாருங்கள். சார்ல்ஸ்டனின் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக 1942இல் வந்தவர் வேட்டீஸ் வாரிங். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையில் இருந்தவரின் மகன். அந்த ஊரின் பழைய வெள்ளைக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கிளாரெண்டன் கவுன்ட்டியில், வெள்ளைக் குழந்தைகளுக்கு மட்டும் பள்ளிப் பேருந்து விட்டிருந்தார்கள். கறுப்பினக் குழந்தைகள் மைல் கணக்கில் நடந்தார்கள். பேருந்து கேட்டுத் தொடங்கிய போராட்டம் பள்ளி வசதிகளைச் சமமாக்கக் கோரும் வழக்காக வாரிங்கிடம் வந்தபோது, வழக்கறிஞர் தர்குட் மார்ஷலிடம் அவர், வசதி கேட்பதை விட்டு, கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பதையே எதிர்த்து வழக்குப் போடச் சொன்னார்.

1951 மே மாதம் மூன்று நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தார்கள். உளவியலாளர் கென்னத் கிளார்க் சாட்சிக் கூண்டில் ஏறி, கிளாரெண்டன் பள்ளிக் குழந்தைகள் 16 பேரிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டியதைச் சொன்னார். இதில் எது கெட்ட பொம்மை என்று கேட்டதற்கு, அந்தக் கறுப்பினப் பிள்ளைகளில் 11 பேர் கறுப்புப் பொம்மையைக் காட்டியிருந்தார்கள். இந்தச் சாட்சியம் பதிவானது வாஷிங்டனில் அல்ல, நீங்கள் கீழ்க்கோர்ட் என்கிற சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில். இரண்டு நீதிபதிகள் பிரிவினையை ஏற்றார்கள். வாரிங் மட்டும், பிரித்து வைப்பதே சமத்துவமின்மைதான் என்று மறுப்புத் தீர்ப்பு எழுதினார். அவர் வீட்டின் மேல் ஏற்கெனவே கல்லெறிந்திருந்தார்கள். அவரைப் பதவி நீக்க வேண்டும் என்ற கூச்சலும் எழுந்திருந்தது. ஆயினும் பதவியைப் பறிக்க எவராலும் முடியவில்லை. 1952இல் அவராகவே ஓய்வு பெற்று நியூயார்க் போய்விட்டார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் ஒருமனதாக வந்து சேர்ந்த இடம், வாரிங் தனியாளாக நின்ற இடம்தான்.

மேலே போகப் போகச் சாட்சிகள் மறைந்துவிடுகிறார்கள் என்பதை நாம் மனத்தில் வாங்க வேண்டும். மேல்முறையீட்டில் வழக்கமாக மூன்று நீதிபதிகள். அவர்கள் முன்னால் இருப்பவை மாவட்ட நீதிமன்றத்தில் பதிவான ஏடுகளும் வழக்கறிஞர்களின் வாதங்களும் மட்டுமே. அதற்கும் மேலே, ஒன்பது பேரில் நான்கு பேராவது ஒப்புக்கொண்டால்தான் மனு விசாரணைக்கே எடுக்கப்படும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களில் வாதம் கேட்டு முடிவு செய்பவை அறுபது, எழுபது. ஆகவே பெரும்பாலான மனிதர்களுக்கு, நீங்கள் சாதாரணம் என்ற நீதிமன்றமே முதலும் முடிவுமாகிவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் எதற்கு என்றால், பெரும்பாலும் ஒரு வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் இன்னொன்று சொன்னதும் முரண்படும்போது நாடு முழுவதற்கும் சட்டம் ஒன்றுதான் என்று நிலைநாட்டுவதற்கு. மாவட்ட நீதிபதிக்கு எல்லை வகுப்பதும் அதன் வேலை. நீங்கள் கேட்ட விவகாரத்திலேயே அது நடந்தது. தற்காலிக விசாவில் அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் குழந்தைகளையும் தொடுகிற உத்தரவு அது. வழக்குப் போட்டவர்களுக்கு முழு நிவாரணம் தரத் தேவையான அளவைத் தாண்டி நாடு முழுவதற்குமாக ஒரு நீதிபதி தடை விதிப்பது அதிகார எல்லையை மீறக்கூடும் என்று, 2025 ஜூன் 27 அன்று 6க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உத்தரவு செல்லுமா என்ற கேள்விக்குள் அன்று அது போகவில்லை. பாதிக்கப்படுவோர் எல்லாரையும் ஒரு குழுவாகச் சேர்த்து வழக்காடும் வழியையும் அடைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள், ஜூலை 10 அன்று, நியூ ஹாம்ப்ஷயர் மாவட்ட நீதிபதி ஒருவர் அந்த வழியிலேயே குழந்தைகளை ஒரு குழுவாக ஏற்று, அதிபரின் உத்தரவுக்கு மறுபடியும் தடை விதித்தார்.