ரோபோ அங்கே நிற்கட்டும், அம்மா ஓட்டட்டும்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. இடுப்பு முறிந்த பிறகு கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். வீட்டுக்குள் ஓடித் திரிந்து வீடியோவில் பேசும் ரோபோ ஒன்றை அனுப்பட்டுமா என்று ரொறன்ரோவில் இருக்கும் தம்பி கேட்கிறான். பிரயோசனப்படுமா அக்கா?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: என் அம்மாவும் கடைசிக் காலத்தில் கட்டிலோடுதான், தங்கச்சி. சுவரில் சாத்தி வைத்த போன் சரிந்துவிடும். பேரனுக்குக் கூரை ஓடுதான் தெரியும். "அம்மம்மா எங்க?" என்று அவன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. தம்பியின் மனது எனக்கு விளங்குகிறது.

ஆனால் அது சக்கரத்தில் நிற்கும் ஒரு திரை. தண்ணீர் எடுத்துக் கொடுக்காது, விழுந்தால் தூக்காது. நிலைப்படி ஏறாது, முற்றத்து மணலில் புதையும். வை-ஃபை விட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

என்னைக் கேட்டால், ரோபோ ரொறன்ரோவிலேயே இருக்கட்டும். ஓட்டுவது அம்மாவாக இருக்கட்டும். இங்கே டேப்லெட்டில் விரலால் தள்ள, அங்கே அது நகரும். நமக்கு இரவு 7 மணி என்றால் கோடையில் அவர்களுக்குக் காலை 9.30. மருமகள் என்ன சமைக்கிறாள் என்று குசினிக்குள் போய்ப் பார்க்கலாம், பேத்தியின் பின்னால் அறை அறையாகத் திரியலாம்.

அப்புறம், விறாந்தைப் படிக்கு ஒரு சீமெந்துச் சரிவு போட்டுக் கொடுக்கத் தம்பியிடம் சொல்லுங்கள். வேம்படி நிழல் வரைக்கும் அம்மா போய்வர வேண்டும்.